சிங்க்கும் பேக்கப்பும்: எந்தப் பழுதை எங்கே தேடுவது?

வீட்டுக் கணினியில் சிங்க் மென்பொருளோ பேக்கப் மென்பொருளோ தகராறு செய்தால், பெரும்பாலோர் கையாளும் வைத்தியம் ஒன்றுதான்: நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. இரண்டும் கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கின்றன, ஆகவே இரண்டுக்கும் ஒரே மருந்து போதும் என்ற நினைப்பு. ஆனால் இரண்டும் பழுதாகும் விதம் வேறு. சிங்க் நின்றுபோனால் அன்றைக்கே தெரிந்துவிடும். கைபேசியில் எடுத்த படம் லேப்டாப்புக்கு வரவில்லையே என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். பேக்கப் நின்றுபோனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க் செத்த பிறகுதான், கடைசியாக பேக்கப் ஓடியது போன வருடம் என்பது தெரியவரும். சிங்க்கின் பழுதை இரண்டு கருவிகளின் இன்றைய நிலையை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பேக்கப்பின் பழுதையோ, ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பேசுவதற்குத் தோதாக இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். சிங்க் பக்கத்தில் சிங்க்திங். ஸ்வீடனைச் சேர்ந்த ஜேக்கப் போர்க் 2013 இறுதியில் வெளியிட்டது. பேக்கப் பக்கத்தில் ரெஸ்டிக். ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் நாய்மன் 2014-இல் எழுதத் தொடங்கியது. இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம், இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை. கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எச்.ஏ-256 முறையில் ஓர் அடையாளம் கணக்கிட்டு, புதிய துண்டுகளை மட்டும் கையாள்வதும் இரண்டுக்கும் பொது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் வேற்றுமை துலக்கமாகத் தெரிகிறது.

வெட்டும் முறையிலேயே அது தொடங்கிவிடுகிறது. சிங்க்திங் ஒரு கோப்பை சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. கோப்பின் பருமனைப் பொறுத்து ஒரு துண்டு 128 கிலோபைட்டிலிருந்து 16 மெகாபைட் வரை இருக்கும். ரெஸ்டிக் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டுமிடத்தைத் தீர்மானிக்கிறது; துண்டுகள் சராசரியாக ஒரு மெகாபைட் அளவில் அமையும். ஒரு பெரிய கோப்பின் தொடக்கத்தில் நாலு வரி சேர்த்தால், சம அளவு வெட்டில் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் துண்டுகளும் நகர்ந்துவிடும். ஏறக்குறைய முழுக் கோப்பும் மறுபடி அனுப்பப்படும். ரெஸ்டிக்கில் முதல் ஒன்றிரண்டு துண்டுகள் மட்டும் மாறும். சின்னத் திருத்தத்துக்கு சிங்க்திங் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குழம்புகிறவர்கள் பழுது தேட வேண்டியதில்லை.

பெரிய வேற்றுமை காலம் பற்றியது. சிங்க்திங்குக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. இந்தக் கணினியில் ஒரு கோப்பை அழித்தால், சற்று நேரத்தில் அந்தக் கணினியிலும் அழிந்துவிடும். அது கோளாறே அல்ல, அதன் கடமை. ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளையும் அதே கடமை உணர்ச்சியோடு எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுசேர்க்கும். தங்கள் மென்பொருளை பேக்கப்பாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சிங்க்திங்கின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ரெஸ்டிக்கோ ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்த நேரத்து நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பதிந்துவைக்கும். நேற்றையதும் போன மாதத்ததும் தனித்தனியே இருக்கும். ஆனால் இன்று மாலை நீங்கள் எழுதிய கடிதம் அடுத்த முறை அது ஓடும்வரை அதற்குத் தெரியாது.

சிங்க்திங்கின் பழுதுகளில் எளியது இணைப்பு. இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை என்றால், ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருக்கிறதா, அதில் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தடை உண்டா என்று முதலில் பாருங்கள். அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். தரவுக்கு 22000, உள்ளூர்த் தேடலுக்கு 21027 என்ற போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். நேரடி இணைப்பு கிடைக்காவிட்டால் சிங்க்திங் ஒரு ரிலே சர்வர் வழியாகச் சுற்றிவரும். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய படம் இணையத்தில் எங்கோ போய்த் திரும்பும்; தகவல் பத்திரமாகத்தான் இருக்கும், வேகம் மட்டும் ஆமை. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும் கைபேசியில் மட்டும் தகராறு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மோதல் கோப்புகள் அதைவிடச் சுவாரசியமானவை. ஒரே கோப்பை இரண்டு கணினிகளிலும் திருத்தினால், சிங்க்திங் ஒன்றை அசல் பெயரோடு விட்டு, மற்றொன்றின் பெயரில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல், தேதி, நேரம், திருத்திய கருவியின் ஏழெழுத்துக் குறி ஆகியவற்றைச் செருகும். எதற்குத் தோல்விப் பெயர்? திருத்திய நேரம் பழையதாக உள்ளதற்கு. பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போது தேதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். அந்தக் கணினியில் இன்று செய்த வேலைக்குப் பத்து வருடப் பழைய தேதி விழும். மோதல் வந்தால் எப்போதும் அதுதான் தோற்கும். மோதல் கோப்பின் பெயரில் ஒரே கருவியின் குறி திரும்பத் திரும்ப வந்தால், சிங்க்திங்கை நோண்டாமல் அந்தக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். வட்ட வடிவ நாணயப் பேட்டரி ஒன்றை மாற்றுவதோடு வேலை முடியக்கூடும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு பழுது இருக்கிறது. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். யூனிகோடில் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாக அடுக்குவது இன்னொரு விதம். ஒகர, ஔகார வரிசைகளுக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. வட்டில் பைட்டுகள் வேறு. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்தது. விண்டோஸ், லினக்ஸ் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவில் தருகின்றன. பழைய மேக் ஒன்றிலிருந்து பென் டிரைவ் வழியாக வந்த ‘கோவில் கணக்கு’ என்ற கோப்பும் லினக்ஸில் நீங்கள் உருவாக்கிய ‘கோவில் கணக்கு’ என்ற கோப்பும் ஒரே ஃபோல்டரில் அருகருகே நிற்கும். எந்த எழுத்தை உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. சிங்க்திங் இயல்பாகவே இப்படிப்பட்ட பெயர்களை ஒரே வடிவத்துக்குத் திருத்திக்கொள்ளும். ஆனால் இரண்டு வடிவங்களும் ஏற்கெனவே இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றைப் போட முடியாதே. அப்போது லாகில் ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு ஒன்றை ஒதுக்கிவைத்துவிடும். அந்த ஒரு கோப்பு மட்டும் ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர், பெயரை முழுக்க அழித்து மறுபடி தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். புதுப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி மறுத்தால் இதுதான் காரணம்.

அதே கோப்பு ரெஸ்டிக்கில் என்ன ஆகும்? எதுவும் ஆகாது. வந்த பைட்டுகளை அப்படியே பதிந்துகொள்ளும், எச்சரிக்கையும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அதன் தேடல் கட்டளையில் ‘கோவில்’ என்று தட்டச்சு செய்யும்போது, பிரித்த வடிவில் உள்ள கோப்பு அகப்படாது. கோப்பு உள்ளே இருக்கிறது, தேடினால் இல்லை. அப்போது பெயரால் தேடாமல், ஸ்னாப்ஷாட்டில் உள்ள ஃபோல்டரின் பட்டியலை எடுத்து வரிசையாகப் பார்ப்பதே வழி.

பெயரின் நீளமும் தமிழுக்குத் தொல்லை தருவது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் 85 குறிகள்தான் இடம்பெறும். ‘கி’ என்ற ஓரெழுத்துக்கே இரண்டு குறிகள், ஆறு பைட். ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவருக்கு இந்த வரம்பு வாழ்நாளில் இடிக்காது; ‘பாட்டியின் எண்பதாம் கல்யாணத்துக்கு வந்த அனைவருக்கும் அனுப்ப வேண்டிய குழுப் புகைப்படங்கள் முதல் தொகுப்பு’ என்று பெயர் வைக்கும் பழக்கம் உள்ள நமக்கு இடிக்கும். விண்டோஸ் எண்ணுவது வேறு கணக்கு, அங்கே இந்தப் பெயர் சாதாரணமாக நிற்கும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது சிங்க்திங் ‘பெயர் மிக நீளம்’ என்று அன்றே முறையிடும். ரெஸ்டிக் பேக்கப்பின்போது மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் அந்தக் கோப்பு எழுத முடியாமல் நிற்கும். ஃபோல்டரையே பூட்டிவைக்கும் ஈ-கிரிப்ட்-எஃப்.எஸ் போன்ற ஏற்பாடு இருந்தால் வரம்பு 143 பைட்டாகச் சுருங்கிவிடும்.

ஒரு பழுது இரண்டு பக்கத்திலும் வரும்: வெளி ஹார்ட் டிஸ்க் செருகப்படாமல் இருப்பது. அந்த இடத்தில் ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கும். பார்க்கும் மென்பொருளுக்கு, எல்லாக் கோப்புகளும் அழிக்கப்பட்டுவிட்டன என்று தோன்றலாம். சிங்க்திங் இதற்காகவே ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் எஸ்டி-ஃபோல்டர் என்ற மறைவான அடையாளம் ஒன்றை வைத்திருக்கிறது. அது காணாமல் போனால் சிங்க்கை நிறுத்திவிட்டு அடையாளம் இல்லை என்று அறிவிக்கும். இந்த அறிவிப்பைப் பார்த்ததும் கையால் அந்த அடையாளத்தை உருவாக்குவது பலர் செய்யும் வேலை. டிஸ்க் செருகப்படாத நேரத்தில் அப்படிச் செய்தால், காலி ஃபோல்டரே உண்மை நிலை என்று எடுத்துக்கொண்டு மற்ற எல்லாக் கருவிகளிலும் அழிக்கத் தொடங்கும். கோப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும். ரெஸ்டிக் தன் பேக்கப்பை வைக்கும் களஞ்சியம் வெளி டிஸ்க்கில் இருந்து, டிஸ்க் செருகப்படவில்லை என்றால், அங்கே களஞ்சியமே இல்லை என்று சொல்லி ஓட மறுக்கும். மறுப்பு சரிதான். அதை யார் படிக்கிறார்கள்?

பேக்கப் பழுதின் வேர் இங்கே இருக்கிறது. சிங்க்திங் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ரெஸ்டிக் தானாக ஓடாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரோ லினக்ஸின் கிரானோ அதை எழுப்ப வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஒரு வேலையை அமைத்தால், நிபந்தனைகள் பக்கத்தில் ‘மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருக்கும். ‘பேட்டரிக்கு மாறினால் நிறுத்து’ என்பதிலும் டிக் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு பேக்கப் என்று அமைத்துவிட்டு, அந்த நேரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துப் படம் பார்க்கிற வீட்டில் அந்த பேக்கப் ஒருநாளும் ஓடாது. தவறிய வேலையைப் பிறகு ஓட்டு என்ற கட்டம் வேறொரு பக்கத்தில், டிக் இல்லாமல் இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது; வேலை தொடங்கவே இல்லையே. ரெஸ்டிக்கைக் குறைசொல்வதற்கு முன் நான் எப்போதும் முதலில் திறப்பது இந்த நிபந்தனைகள் பக்கத்தைத்தான்.

ஓடியிருந்தாலும் முழுதாக ஓடியதா என்பது அடுத்த கேள்வி. ரெஸ்டிக் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் எல்லாம் நலம். 1 என்றால் ஸ்னாப்ஷாட்டே உருவாகவில்லை. 3 என்றால் ஸ்னாப்ஷாட் உருவானது, ஆனால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை. இந்த 3 தான் விஷமம். பலர் ரெஸ்டிக் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் வைத்து, கடைசி வரியாக ‘முடிந்தது’ என்று லாகில் எழுதச் சொல்கிறார்கள். ஷெட்யூலர் அந்தக் கடைசி வரியின் வெற்றியைத்தான் பார்க்கும், 3 அடிபட்டுப்போகும். படிக்க முடியாத கோப்புகள் எவை என்றால், பெரும்பாலும் நமக்கு மிகவும் வேண்டியவை: திறந்திருக்கும் அவுட்லுக் அஞ்சல் கோப்பு, கணக்கு மென்பொருள் பூட்டிவைத்திருக்கும் தரவு. விண்டோஸில் வட்டின் அந்த நேரத்து நிழலை எடுத்துப் படிக்கும் வசதி ரெஸ்டிக்குக்கு உண்டு. நிர்வாகி உரிமையோடு ஓட்டினால்தான் அது வேலைசெய்யும்.

கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரை சிங்க்திங்கில் போடுவது இன்னும் மோசம் என்பது என் திடமான கருத்து. அத்தகைய மென்பொருள் ஒரே பதிவைப் பல கோப்புகளில் பிரித்து எழுதும். சிங்க்திங் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்ப்பதால், பாதி எழுதிய நிலையில் ஒன்று போகும், மற்றது அடுத்த நிமிடம் போகும். மறுமுனையில் திறந்தால் ஒன்றோடொன்று பொருந்தாத தரவு. மென்பொருளை மூடிய பிறகு அதன் சொந்த பேக்கப் கோப்பை உருவாக்கி, அதை மட்டும் சிங்க்கில் விடுவதே பாதுகாப்பு.

ஒன்டிரைவ் இருக்கும் கணினியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபோல்டரில் தெரியும் கோப்புகளில் பல, வட்டில் உண்மையில் இல்லை. மேகச் சின்னம் போட்ட வெறும் பெயர்கள்தாம். பேக்கப் மென்பொருள் அவற்றைப் படிக்க முயன்றால், ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து இறங்கி வட்டை நிரப்பும், அல்லது இணையம் இல்லாத நேரத்தில் படிக்க முடியாமல் விடுபடும்.

வாய்திறக்காத பேக்கப் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, அது சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்புக்கு மாறியிருக்க, பேக்கப் கருவி 9.2 பதிப்பிலேயே ஓடி ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டு யாரையும் அடையவில்லை. வேறு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த நகல் இருந்ததால், ஆறு மணி நேரத் தரவு இழப்போடு தப்பினார்கள். அந்த விவரங்களை அவர்களே முழுமையாக வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

பழுதுபார்க்கும்போது எதைத் தூக்கியெறியலாம் என்பதிலும் இரண்டும் எதிரெதிர். சிங்க்திங்கில் உண்மை என்பது உங்கள் கோப்புகள். அதன் உள் தரவுத்தளம் அவற்றைப் பற்றிய குறிப்பு மட்டுமே. அது கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் படிக்கச் சொல்லலாம். எதை எப்போது நீக்கினோம் என்ற நினைவு போய்விடுவதால் நீக்கிய கோப்பு சில மறுபடி தலைகாட்டலாம்; அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பு அந்தத் தரவுத்தளத்தை எஸ்கியூலைட்டுக்கு மாற்றியது. நிறைய கோப்புகள் உள்ளவர்களுக்கு முதல் தடவை திறக்கும்போது நெடுநேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து இடையில் நிறுத்தாமல் காத்திருக்க வேண்டும்.

ரெஸ்டிக்கில் உங்கள் கணினியில் உள்ள கேஷை அழிக்கலாம், அட்டவணையைக்கூட மறுபடி கட்டலாம். களஞ்சியத்துக்குள் உள்ள தரவுத் தொகுதிகளிலும் சாவிக் கோப்புகளிலும் கைவைக்கவே கூடாது. மின்வெட்டில் பேக்கப் பாதியில் அறுந்தால், அடுத்த முறை களஞ்சியம் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது என்று வரக்கூடும். அன்லாக் கட்டளை, கைவிடப்பட்ட பூட்டுகளை மட்டுமே நீக்கும், 30 நிமிடத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாதது கைவிடப்பட்டது என்று கொள்ளும். ஆகவே அதைத் தாராளமாக ஓட்டலாம். களஞ்சியத்தைச் சோதிக்கும் செக் கட்டளை சேதம் இருப்பதாகச் சொன்னால், முதல் வேலை களஞ்சியத்தை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுப்பது. இரண்டாவது, கணினியின் ராமைச் சோதிப்பது. இத்தகைய சேதத்துக்கு அடிக்கடி காரணம் ராமும் டிஸ்க்கும்தான். பிறகு அட்டவணையை மறுபடி கட்டி, பேக்கப்பை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். துண்டுகள் உள்ளடக்கத்தால் அடையாளம் காணப்படுவதால், அசல் கோப்பு உங்களிடம் இன்னும் இருந்தால், தொலைந்த துண்டு திரும்ப வந்து சேர்ந்து பழைய ஸ்னாப்ஷாட்டுகளும் பிழைத்துக்கொள்ளும். மீதியை ஸ்னாப்ஷாட் பழுதுபார்க்கும் கட்டளை பார்த்துக்கொள்ளும். இந்த வரிசை மாறக் கூடாது.

சிங்க் மென்பொருளின் உள் தரவை அழிக்கலாம் என்று மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்திய சிலருக்குப் பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. கணக்கைத் துண்டிக்க வேண்டாம், செயலியின் தரவு ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம் என்பதே கூகுள் தந்த முதல் அறிவுரை. கூகுளின் சர்வருக்குப் போய்ச் சேராத கோப்புகளின் ஒரே பிரதி அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கக்கூடும். கோப்பை நேரடியாக வட்டில் வைக்கும் சிங்க்திங்குக்குப் பொருந்தும் வைத்தியம், தன் கேஷுக்குள் வைத்திருக்கும் செயலிக்குப் பொருந்தாது.

அழிந்த கோப்பைத் தேடும்போதும் இடம் மாறும். சிங்க்திங்கில் பழைய பதிப்புகளை வைக்கும் வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும். இயக்கியிருந்தாலும், பிற கருவிகளிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். லேப்டாப்பில் நீங்களே அழித்த கோப்பு லேப்டாப்பில் உள்ள எஸ்டி-வெர்ஷன்ஸ் ஃபோல்டரில் இருக்காது. மறுமுனைக் கணினியில் தேட வேண்டும். முதல் வேலையாக, கோப்பு இருந்த ஃபோல்டரின் சிங்க்கை எல்லாக் கருவிகளிலும் இடைநிறுத்திவிடுங்கள். ரெஸ்டிக்கில் அவசரம் இல்லை. தேதியைத் தேர்ந்தெடுத்து எடுக்கலாம், பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கும் விதியை மிகவும் இறுக்கமாக வைக்காதிருந்தால்.

ஆகவே வீட்டுக்கு இரண்டும் வேண்டும் என்பது என் நிலை. கைபேசிகளும் லேப்டாப்புகளும் சிங்க்திங் வழியாக ஒரு கணினியில் வந்து சேரட்டும். அந்தக் கணினியில் மட்டும் ரெஸ்டிக் ஓடி, வெளி டிஸ்க்கில் எழுதட்டும். மாதம் ஒருமுறை, பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்து தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பையும் ஒரு பெரிய வீடியோவையும் வேறொரு காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். செக் கட்டளையில் களஞ்சியத்தின் பத்தில் ஒரு பங்குத் தரவை மட்டும் படிக்கச் சொல்லும் வசதி உண்டு. மாதம் ஒரு பங்கு என்று சுழற்றினால், நேரம் அதிகம் பிடிக்காமல் முழுவதும் சோதனையாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பழுதுபார்க்க வழியே இல்லாத ஒன்று எஞ்சுகிறது. சிங்க்திங்கில் ஒரு கருவியின் சாவி தொலைந்தால், புதிய அடையாளம் உருவாக்கி மறுபடி இணைத்துக்கொள்ளலாம், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால், ரெஸ்டிக்கை எழுதியவராலும் களஞ்சியத்தைத் திறக்க முடியாது. ஒரே களஞ்சியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களைச் சேர்க்கும் கட்டளை அதில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி வீட்டில் இன்னொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுங்கள். ரேஷன் அட்டையும் பத்திரங்களும் வைத்திருக்கும் பீரோவிலேயே அதைக் காகிதத்தில் எழுதி வைத்து, அந்தக் கடவுச்சொல்லால் ஒரு கோப்பை அவரையே ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள்.